ஐந்தாம் வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்

எங்கள் ஊரில் சந்தைக்கு ஒருவர்தான் போவார். கல்வராயன் மலைமேல் பதினெட்டு வீடுகள். கச்சிராயபாளையத்துக்கு இறங்க அரை நாள், ஏற முக்கால் நாள். எல்லோரும் இறங்கி ஏறுவது வீண் என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு வீட்டு முறை. முறைக்காரர் தன் கடுக்காய் மூட்டையோடு இறங்கி, ஊருக்கே உப்பும் மிளகாயும் புகையிலையும் தலைவலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு ஏறுவார். தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வேண்டியிருந்தாலும் ஒருவர்தான். தூரத்து ஊரில் சாவு விழுந்தால், ஒருவர் போய் எல்லோருக்குமாக அழுதுவிட்டு வருவார். அதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை.

ஆகவே பள்ளிக்கூடத்துக்கும் ஒருவர் போனால் போதும் என்று எங்கள் ஊர் நினைத்ததற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. கீழே சமவெளியில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல்கள் நடந்துகொண்டிருந்தன. மேலே இருந்த எங்களுக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம், பஸ் நின்றுபோனால் சந்தைக்கு உப்பு வராது என்பது மட்டும்தான். அதே காலத்தில் டெல்லியில் புதிதாக ஒரு கல்விக் கொள்கை வந்திருப்பதாக எங்கள் வாத்தியார் சொன்னார். மணலூர்பேட்டைக்காரர். திங்கட்கிழமை மலை ஏறி வந்து வெள்ளிக்கிழமை இறங்குவார். பள்ளி முழுவதற்கும் அவர் ஒருவரே ஆசிரியர்.

அந்தக் கொள்கை எங்கள் பள்ளிக்கு முதலில் ஒரு கரும்பலகையாக வந்தது. பிறகு பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்று வந்தது. அதற்குள் உலக உருண்டையும் காந்தமும் இருப்பதாகச் சொல்லப்பட்டது. சாவி பின்னால் வருமாம். கடைசியாக ஒரு நீள நோட்டு வந்தது. அதுதான் பெற்றோர் வருகைப் பதிவேடு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கு வர வேண்டும், பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று வாத்தியாரிடம் கேட்க வேண்டும், கேட்டதற்கு அடையாளமாகக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பிள்ளையின் படிப்பில் பெற்றோருக்கும் பங்கு உண்டு என்று அரசாங்கம் கண்டுபிடித்திருந்தது. நல்ல கண்டுபிடிப்புதான். பெற்றோர்தான் ஊரில் இல்லை.

ஆடியில் சாமை விதைத்த கையோடு எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் குடகுக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். அறுப்புக்கு வந்துவிட்டு மறுபடி போவார்கள். முன்பெல்லாம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். வாத்தியார் வீடு வீடாக ஏறி இறங்கி, புள்ளைங்கள வுட்டுட்டுப் போங்க, நாலெழுத்துப் படிக்கட்டும் என்று கெஞ்சிய பிறகுதான் எங்களை விட்டுவிட்டுப் போகப் பழகியிருந்தார்கள். படிப்பதற்காகத்தான் நாங்கள் அப்பா அம்மா இல்லாமல் இருந்தோம். இப்போது அப்பா அம்மா இல்லாததால் படிப்புக்கு இடைஞ்சல் வந்திருந்தது.

அப்படி விடப்பட்ட பிள்ளைகள் பதினோரு பேர். எங்களைப் பார்த்துக்கொண்டவர் என் மாமன், அம்மாவின் தம்பி. பலா மரத்திலிருந்து விழுந்து ஒரு கால் வளைந்துபோனவர். காப்பித் தோட்டத்துச் சரிவில் அந்தக் காலை ஊன்றி நிற்க முடியாது. ஆகவே ஊரோடு இருந்தார். கல்யாணம் ஆகாதவர். பதினோரு பேருக்கும் களி கிண்டுவார், பேன் பார்ப்பார், மூக்குச் சிந்திவிடுவார், பாடம் படிக்காதவனை வளைந்த காலாலேயே எட்டி உதைப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு ஊர் சார்பாக அவர் போனார்.

வாத்தியார் கேட்டார், "யாருக்காக வந்துகீற?"

"எல்லாருக்கும்ங்க."

"அப்பா இல்லன்னா அம்மா வரணும்னு போட்டிருக்குதுய்யா."

"நான்தாங்க வந்துகீறேனே," என்றார் மாமன், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று விளங்காதவராக.

வாத்தியார் நல்ல மனுஷர். ஆனால் பயந்தவர். பதினோரு இடத்திலும் ஒரே கட்டைவிரல் ரேகை இருந்தால், மேலிருந்து வரும் ஆபீசர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார், தன் வேலை போய்விடும் என்றார். மாமன் தன் இரண்டு கைகளையும் விரித்து, அவற்றைப் புதிதாகப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஒரு புள்ளைக்கு ஒரு வெரலு," என்றார்.

வலது கட்டைவிரல் ராமாயிக்கு. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான்: ராமாயியும் நானும். பிள்ளைகளில் அவள்தான் பெரியவள், கெட்டிக்காரியும்கூட. வாத்தியார் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் சிலேட்டில் விடையைப் போட்டுவிட்டு, மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பவள். அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தார்கள். ஆள்காட்டி விரல் அடுத்தவனுக்கு, நடுவிரல் அதற்கடுத்தவளுக்கு என்று கொடுத்துக்கொண்டே போனதில், பத்தாவது பிள்ளையோடு மாமனின் விரல்கள் தீர்ந்துவிட்டன. மீதி நின்றவன் நான். சொந்த அக்காள் மகன்.

"வூட்டுக்காரங்க கடைசிப் பந்தியிலதான்டா உக்காரணும்," என்று மாமன் எனக்குச் சமாதானம் சொன்னார். பிறகு வெளியே போய், நல்ல காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். பதிவேட்டைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தில் கால் படுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பி, அங்கே இருந்த ஒரு மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயருக்கு நேராக மாமனின் கால் கட்டைவிரல் பதிந்தது. கட்டத்துக்குள் அடங்கவில்லை. மேலே ஒருவனையும் கீழே ஒருத்தியையும் மிதித்துக்கொண்டு நின்றது.

ஆவணியில் ஆபீசர் வந்தார். மலை ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை தண்ணீர் குடித்தார், பிறகு பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது யாரோட அப்பா?"

நான் எழுந்து நின்றேன்.

"உங்கப்பா என்ன, யானையாடா?"

முதலில் சிரித்தவள் ராமாயி. பிறகு பள்ளிக்கூடம் முழுவதும் சிரித்தது. ஆபீசரே சிரித்துவிட்டார். வாத்தியார் மட்டும் வியர்த்து நின்றார். அன்றிலிருந்து நான் யானை மகன். அந்தப் பெயரை வைத்தவள் ராமாயி. கிணற்றடி, வேலியோரம், எங்கே பார்த்தாலும், "டேய் யானை மவனே, ஒங்கப்பன் காப்பிச் செடியப் புடுங்கறாரா, இல்ல தும்பிக்கையால ஒடிக்கிறாரா?" என்பாள். அவளை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

மாமனைக் கூப்பிட்டு விசாரித்தார் ஆபீசர். மாமன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"பொய் ரேகை வெச்சிருக்கியே, ஜெயிலுக்குப் போவணுமா?"

"பொய்யி இன்னாங்க இதுல? ஒரே வெரல எல்லாத்துக்கும் வெச்சாதான் பொய்யி. நான் தனித்தனியாதான வெச்சிகீறேன்?"

ஆபீசருக்கு ஒரு வேடிக்கை தோன்றியிருக்க வேண்டும். மாமனின் இடது கைச் சுண்டுவிரலைத் தொட்டு, இது யார் என்று கேட்டார்.

"அது மூணாங்கிளாஸ் குட்டிங்க. நாலாம் வாய்ப்பாடு வரைக்கும் ஓடுது, அஞ்சுல நின்னுக்குது. ரெண்டு நாளா இருமல் ஜாஸ்தி, அதனால அதட்டல."

இது?

"இவன் திருட்டுப் பய. கூட்டத்தோட சேந்து வாயசைப்பான். தனியா நிக்க வெச்சா ஒரு எழுத்து வராது. வாத்தியாரக் கேளுங்க."

இப்படி ஏழெட்டு விரல்களைத் தொட்டுக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மாமனிடம் பதில் இருந்தது. எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் இருக்கிறது, எது பசியில் படிக்காது, எது பயத்தில் படிக்காது என்பதுவரை சொன்னார். ஆபீசர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெற்றோர் என்று ஒரு கட்டம், ரேகை என்று ஒரு கட்டம். மாமன் சொன்னதையெல்லாம் எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு ஆபீசர் இருந்தார். ‘ஒருவர் ஒரு பிள்ளைக்கு மட்டுமே கைநாட்டு வைக்கலாம்’ என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு அறுப்புவரை தவணை கிடைத்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு மலைப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியில் சேர வேண்டும். அடுத்த வருஷத்துப் பட்டியலை அடுத்த மாதக் கூட்டத்தன்று தானே வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார். பிள்ளையை விடுதியில் விடச் சம்மதம் என்று அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும்.

"வரலன்னாங்க?" என்றார் வாத்தியார்.

"வரலன்னா பேரு இல்ல."

பேர் இல்லையென்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் இரண்டே வழிகள்: விடுதி, இல்லையென்றால் குடகு.

இரண்டு தபால் கார்டுகள் போயின. ராமாயி தன் அப்பாவுக்குத் தானே எழுதினாள். வாத்தியார் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு எழுத்தையும் திருத்தாமல் கொடுத்தார். என் கையெழுத்தை நம்பாமல், எனக்கு அவரே எழுதினார். அந்த வாரத்துச் சந்தைக்காரர் இரண்டையும் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

புரட்டாசியில் கூட்ட நாள் நெருங்கியபோது கீழே மறியல் பெரிதாகிவிட்டது. சந்தைக்கு இறங்கியவர் வெறுங்கையோடு ஏறிவந்தார். வடக்கனந்தல் ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வண்டி வரவில்லை, சந்தையே கூடவில்லை என்றார். ஊர் உப்பைப் பற்றிக் கவலைப்பட்டது. நான் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராமாயியும் வந்து உட்கார்ந்தாள், கொஞ்சம் தள்ளி.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. ஆபீசரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் என் அப்பா வந்தார். மறியல் அப்பாவை ஒரு நாளும் ஆபீசரை இரண்டு நாளும் தாமதப்படுத்தியிருந்தது. அந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் நான் படித்தேன்.

அப்பா ஒல்லியான, குள்ளமான மனுஷர். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. "இவ்ளோண்டுதானா யானை?" என்றாள் ராமாயி. ஆனால் சொல்லும்போது அவள் என் அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், பாதை திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்வரை அங்கேயே இருந்தாள்.

கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு அப்பா மாமனிடம் வழிக்கதையைச் சொன்னார். சேலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸே இல்லை. ஆத்தூர் தாண்டி ஓரிடத்தில் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். புள்ளையோட பள்ளிக்கூடத்துல கைநாட்டு வைக்கப் போறேங்க என்றிருக்கிறார். அதில் ஒருவர் சிரித்து, "நாங்களும் புள்ளைங்க படிப்புக்குத்தான்யா ரோட்ல குந்திக்கினு கீறோம். போ, போ," என்று சொல்லி, இலையில் புளிச்சோறு கொடுத்து, வெட்டிக் கிடந்த அடிமரத்தைத் தாண்டக் கை கொடுத்து இறக்கிவிட்டாராம். ரோட்டில் உட்காருவதற்கும் பிள்ளை படிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. மாமனுக்கும் புரியவில்லை. சோறு நன்றாக இருந்தது என்றார் அப்பா.

புதன்கிழமை ஆபீசர் வந்து சேர்ந்தார். அவர் செருப்பும் அறுந்திருந்தது.

அப்பா குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்று தெரியாமல் முதலில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்; வாத்தியார் எழுப்பி முன்னால் கூட்டிவந்தார். பையன் எந்த வகுப்பு என்று ஆபீசர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஐந்து விரல்களைக் காட்டினேன். "அஞ்சுங்க," என்றார். ஆபீசர் பார்த்தும் பார்க்காததுபோலப் படிவத்தை நீட்டினார். அப்பா கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். கட்டத்துக்குள் அழகாக, அளவாக விழுந்தது ரேகை. என் வேலை முடிந்தது.

அப்பா நகரவில்லை.

"அந்தப் பொண்ணுக்கும் வெக்கணுங்க," என்றார்.

"எந்தப் பொண்ணு?"

ராமாயி கரும்பலகைக்குப் பக்கத்தில் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா கையைக் காட்டினார்.

"உன் பொண்ணா?"

"இல்லீங்க. அவங்கப்பன் எங்கூடதான் வேல செய்யறாரு. சொல்லி அனுப்பிச்சிகீறாரு. ரெண்டு பேருக்கும் நானே வெச்சிட்டு வரேன்னு வந்தேங்க."

ஆபீசர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பதிவேட்டைப் பார்த்தார். அதில் சிவப்பு மை இருந்தது. ஆபீசர் அதை விரலால் தொட்டுக் காட்டிப் படித்தார். ஒருவர் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. எழுதியது தான்தான், தானே மீற முடியாது என்று பொறுமையாகத்தான் சொன்னார்.

அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "சரிங்க. அந்தப் பொண்ணுக்கும் வெச்சிடறேங்க," என்றார்.

"யோவ், சொல்றது காதுல வுழலியா? அவங்கப்பா வரணும்."

"அவரு வர முடியாதுங்க. அதாங்க நான் வந்தேன்."

வாசலில் நின்ற மாமனுக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. "சாமி, அவருகிட்ட ரெண்டு கட்டைவெரலு கீதுங்களே! ஆளுக்கு ஒண்ணு," என்றார் உள்ளே எட்டிப் பார்த்து. உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். ஆபீசரின் முகம் சிவந்துவிட்டது. ஊரோடு சேந்து என்னைக் கேலி பண்றீங்களா, மூணு மரம் தாண்டி நடந்து வந்துகீறேன், பதிவேட்டோட எல்லாத்தையும் மேல அனுப்பினா என்ன ஆவும் தெரியுமா என்று சத்தம் போட்டார். மேசைமேல் என் படிவம் இருந்தது. ரேகையின் மை இன்னும் காயவில்லை. எல்லாத்தையும் என்று அவர் சொன்னதில் அதுவும் சேர்த்தி என்று எனக்குப் பட்டது.

அப்பா மூன்றாவது தடவையும் வாயைத் திறந்தார். நான் போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"வா பா. போலாம் வா."

அவர் அசையவில்லை. நான் இன்னும் பலமாக இழுத்தேன். யாரோ ஒரு பெண்ணுக்காக, அதுவும் என்னை யானை மகன் என்று கூப்பிடுகிறவளுக்காக, என் பெயர் அடிபடப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்துத்தான் அப்பா திரும்பினார். ஆபீசரைக் கும்பிட்டுவிட்டு என்னோடு வெளியே வந்தார். அந்த வயதில் நான் முடித்துவைத்த பெரிய காரியம் அது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

எட்டு வருஷம் கழித்து, பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, லீவில் வேலைக்காக அப்பாவோடு குடகுக்குப் போனேன். அங்கே ராமாயியின் அப்பாவோடு நிழல் மரங்களின் கிளை கழிக்கும் வேலையில் சேர்ந்தேன். நாங்கள் ஐந்தாவது படித்த வருஷத்துக் கார்த்திகையிலேயே, அறுப்பு முடிந்ததும் அம்மாவோடு தோட்டத்துக்கு வந்துவிட்ட ராமாயி, கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். ஊரிலிருந்து யாருக்குக் கார்டு வந்தாலும் அவளிடம் கொண்டுபோய்த்தான் படிக்கச் சொல்வார்களாம்.

அவள் அப்பா கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டே, "ஒன் ஒரு ரேகைக்கு நான் ரெண்டாள் வேல பாத்தேன்டா, தெரியுமா?" என்றார் சிரித்துக்கொண்டு. எனக்குத் தெரியாது. அவரே சொன்னார். கார்டு இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. வேலை நெருக்கடியான நேரம். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒருத்தன் போகலாம், அதுவும் அவன் செடி வரிசையின் வேலையை இன்னொருத்தன் செய்வதானால் போகலாம், இல்லையென்றால் இரண்டு பேரும் குடும்பத்தோடு இடத்தைக் காலி பண்ணுங்கள் என்றிருக்கிறார் மேஸ்திரி. "ஒங்கப்பன் என்னப் பாத்து, நீ போன்னாரு. நான், ஒன் காலுதான் வேகமா நடக்கும், நீ போன்னேன். ரெண்டு புள்ளைக்கு ஒரு ஆளு போதாதான்னு நெனச்சோம்." ஒன்பது நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரண்டு பேர் வரிசையையும் அவரே செய்திருக்கிறார். "திரும்பி வந்து மூணு நாளு எம் மூஞ்சியப் பாக்கல ஒங்கப்பன். அப்பறம் நான்தான் போய், பீடி குடுன்னு கேட்டுப் பேசனேன்." சொல்லிவிட்டு, கல்லூரியில் சேரப் போகிறாயா, எந்த ஊரில் என்று விசாரித்தார். இன்னும் மேலே இருந்த ஒரு கிளையைக் காட்டி, அது உன்னால் முடியாது, விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தப் புதன்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நான் விடுதியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். இரும்புக் கட்டில் உண்டாம், வாரம் ஒரு முட்டை உண்டாம் என்றேன். எங்களுக்கு முன்னாலேயே போயிருந்த ராமாயி பாதை ஓரத்தில் நின்றாள். அப்பா பக்கத்தில் வந்ததும், "எங்கப்பன் ஏன் வரல?" என்று கேட்டாள். அழவில்லை. வாத்தியாரிடம் கணக்கு கேட்பது போலக் கேட்டாள்.

"வேல ஜாஸ்திம்மா," என்றார் அப்பா. "அவருக்கு அங்க வேல ரொம்ப ஜாஸ்தி."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை என்றால் என் அப்பாவுக்கும்தானே வேலை? அவர் மட்டும் எப்படி வந்தாராம்? மரங்களைத் தாண்டி, கால் வீங்க நடந்து வந்தாரே. அவள் அப்பாவுக்கு அவள்மேல் அவ்வளவு பாசம் இல்லை என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதை அவளுக்கும் தெரியவைக்க வேண்டும்போல இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பார்க்கும்படியாக, கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.